ஹூஸ்டனிலிருந்து போர்ட் ஆர்தர் வரை: தென்மாநில ராப் ஆல்பங்களுக்கு மார்க் போட்ட அனுபவம்

கேட்ட ஆல்பங்களுக்கெல்லாம் ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கீழே இரண்டு வரி எழுதி வைக்கும் பழக்கம் எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. அந்த நோட்டுப் புத்தகத்தில் 2006 மார்ச் மாதப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘யூ.ஜி.கே., ரைடின் டர்ட்டி, 1996. மந்தமாகப் போகிறது. எல்லாப் பாட்டும் ஒரே வேகம். பாதி வார்த்தை புரியவில்லை. இரண்டு.’ யூ.ஜி.கே. என்பது ஒரு ராப் இரட்டையர். டெக்சஸ்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் அவர்களுடைய ஆல்பத்துக்கு நான் போட்ட மார்க் அது. பலமுறை கிழித்துப் போட நினைத்தும் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. நான் எங்கே தவறினேன் என்பது விளங்குவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அமெரிக்கத் தென்மாநில ராப் ஆல்பங்களைப் பற்றிக் கருத்து எழுத விரும்புகிறவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகளின் கதை பயன்படக்கூடும்.

நான் திருவாரூர்ப் பக்கத்துக்காரன், தொழிலில் இன்ஸ்ட்ருமென்டேஷன் எஞ்சினீயர். 2006 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஹூஸ்டனுக்குக் குடிவந்தேன். வேலை அதே மாநிலத்தின் போர்ட் ஆர்தர் என்ற ஊரில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில். திங்கட்கிழமை விடியற்காலை கிளம்பிப் போய், வியாழன் இரவு வீடு திரும்புவேன். அதுவரை எனக்குத் தெரிந்த ராப் என்பது நியூயார்க் ராப்தான். காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, பாட்டு வரிகளைக் கணினித் திரையில் படித்தபடி, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு இயைகிறது என்று எண்ணிப் பார்ப்பதே கேட்பது என்று நினைத்திருந்தேன். நியூயார்க் ஆல்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த முறை பொருந்தவும் செய்தது. தெற்கத்தி ஆல்பங்களையும் அதே தராசில் வைத்ததுதான் பிழை.

ஆலையில் குழாய் பொருத்தும் பிரிவில் ஒருவர் இருந்தார். போர்ட் ஆர்தரிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். யூ.ஜி.கே. இரட்டையரான பன் பியும் பிம்ப் சியும் அவருடைய ஊர்க்காரர்கள். ஒருநாள் மதிய உணவின்போது, அவர்களுடைய ஆல்பம் எனக்குப் பிடிக்கவில்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. எதில் கேட்டாய் என்று மட்டும் விசாரித்தார். லேப்டாப்பில் என்றேன். சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார். “வீட்டில் உட்கார்ந்து கேட்டால் அது அப்படித்தான் இருக்கும், எஞ்சினீயர். திங்கட்கிழமை வரும்போது வண்டியில் போடு. அறுபதுக்கு மேல் ஓட்டாதே” என்றார்.

அந்தத் திங்கட்கிழமை, பேட்டவுன் தாண்டியதும் குறுந்தகட்டைப் போட்டேன். நெடுஞ்சாலை 10 கிழக்கே போய் டிரினிட்டி ஆற்றைக் கடந்து, வின்னி என்ற சிற்றூரில் 73ஆம் எண் சாலைக்குத் திரும்பும். அந்தப் பகுதி முழுவதும் நெல் வயல். தண்ணீர் கட்டி நிற்கும் பாத்திகளில் கொக்குகள் நிற்பதைப் பார்த்தால், ஒரு நொடி நம் டெல்டாவில் போய்க்கொண்டிருப்பதாகவே தோன்றும். வளைவே இல்லாத சாலை, ஈரம் கனத்த காற்று, மணிக்கு அறுபது மைல். இரண்டு ஸ்பீக்கர்களில் லேசாக ஒலித்த அந்த ஆர்கன் இப்போது வண்டி முழுவதும் பரவியது. நியூ ஆர்லியன்ஸின் ‘மீட்டர்ஸ்’ குழுவைச் சேர்ந்த லியோ நோசென்டெல்லி இந்த ஆல்பத்தில் கிதார் வாசித்திருக்கிறார். லேப்டாப்பில் அது எனக்குக் காதில் விழவே இல்லை. பிம்ப் சி தம் இசைக்கு வைத்த பெயர் ‘கண்ட்ரி ராப் ட்யூன்ஸ்’. நாட்டுப்புறம், ட்யூன் என்ற இரண்டு சொற்களையும் அவர் ஏன் விடாமல் வைத்துக்கொண்டார் என்பது அந்த வயல்களுக்கு நடுவே விளங்கியது. பன் பி சொற்களை அவசரப்பட்டு அடுக்குவதில்லை. கனமான ஒன்றை இறக்கிவைத்து, அது நிலைத்தபின்பே அடுத்ததை எடுக்கிறார். பாடல்களுக்கு நடுவே சிறையில் இருந்த ஒரு நண்பரின் பேச்சு வருகிறது. முதல் முறை அதை இடைச்செருகல் என்று தள்ளிவிட்டேன். இந்த முறை, அந்தக் குரல் ஓயும்வரை சாலையில் எதிரே வண்டி எதுவும் வரவில்லை. ஆல்பம் முடியும் இடத்தில், ஆலைகளின் எரிவாயுச் சுடர்கள் தூரத்தில் தெரிய ஆரம்பித்தன. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் அந்த ஆல்பமும் பேட்டவுனிலிருந்து போர்ட் ஆர்தர் வரையிலான தூரமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தது தற்செயலாகவே இருக்கலாம். நான் மந்தம் என்று எழுதிய வேகம் அந்தச் சாலையின் வேகம் என்பது மட்டும் தற்செயல் அன்று.

இதில் தொழில்நுட்பமும் கொஞ்சம் இருக்கிறது. என் தொழிலே அளவெடுப்பது என்பதால் இந்த இடத்தில் எனக்கு வெட்கமும் அதிகம். தென்மாநில இசையமைப்பாளர்கள் பலர் சார்ந்திருந்த டிஆர்-808 என்னும் தாள இயந்திரத்தின் அடிமுழக்கம் சுமார் 50 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிப்பது. கட்டைவிரல் நகம் அளவே உள்ள லேப்டாப் ஸ்பீக்கரால் அதைத் தொடக்கூட முடியாது. மீட்டரின் ரேஞ்ச் என்ன என்று பார்க்காமல் ரீடிங் எடுத்து எழுதுகிறவனை எங்கள் ஆலையில் மறுநாளே வெளியே அனுப்பிவிடுவார்கள். நான் ஓராண்டு முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பிறகு என் பழைய கேம்ரியின் டிக்கியில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் ஒன்றைப் பொருத்தினேன். பின்புற நம்பர் பிளேட் கடகடவென்று அதிர்ந்தது. ரப்பர் வாஷர் போட்டு அதை அடக்கினேன். குழாய்க்காரர் அதைப் பார்த்துவிட்டு, கழற்று என்றார். காருக்குள் இருப்பவர் ஒரு பாட்டைக் கேட்கிறார், நடைபாதையில் நிற்பவர் இன்னொன்றைக் கேட்கிறார், அந்த இரண்டாவது பாட்டுக்கு நம்பர் பிளேட்டும் ஒரு வாத்தியம் என்பது அவர் கட்சி. ஹூஸ்டனில் மிட்டாய் நிற வண்ணம் பூசி, 84ஆம் ஆண்டுக் கேடிலாக்கின் கம்பிச் சக்கரங்களை மாட்டி, தெருவில் ஊர்ந்து போகும் ‘ஸ்லாப்’ கார்களை ஒருமுறை வெளியே நின்று கேட்டவர்களுக்கு அது வேடிக்கைப் பேச்சாகத் தோன்றாது. செலவு செய்யச் சொல்லவில்லை. நண்பர் ஒருவரின் வண்டியில் ஒரு சுற்று போய்வந்தாலே போதும். அதற்கு முன் கருத்து எழுதாதிருப்பது நல்லது.

பாடல்களை மெதுவாக்கிக் கேசட் போட்ட ஹூஸ்டன்காரர் டிஜே ஸ்க்ரூவிடம் நான் பட்ட அவதி வேறு வகை. அவருடைய இசையை முதலில் கேட்டபோது, ப்ளேயர் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். பேட்டரி இறங்கிய டேப்ரிக்கார்டரில் பாடகரின் குரல் இழுத்து இழுத்து, கடைசியில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகுமே, என் வயதுக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஸ்க்ரூ அதை வேண்டுமென்றே செய்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் ஒரு தாள அடி இடைவெளியில் ஓடவிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டுவார். பிறகு மொத்தத்தையும் வேகம் குறைத்துக் கேசட்டில் இறக்குவார். நண்பர்களும் வாடிக்கையாளர்களும் தங்களுக்குப் பிடித்த பாடல்களின் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்து, தங்களுக்கென்றே ஒரு கேசட் போட்டு வாங்குவார்கள் என்று அறிந்தபோதுதான் எனக்கு அவர்மேல் நெருக்கம் பிறந்தது. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இருந்த ரிக்கார்டிங் சென்டரில் ஒரு தாளில் இருபது பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அறுபதா தொண்ணூறா என்று கேட்பவருக்குப் பதில் சொல்லி, மூன்று நாள் கழித்து வரச்சொன்ன கேசட்டுக்காகக் காத்திருந்தவன் நான். 1996இல் ஒருவர் பிறந்தநாளுக்காகப் பதிவான ‘ஜூன் 27’ என்ற கேசட்டில், நண்பர்கள் மைக்கை மாற்றி மாற்றி வாங்கி அரை மணி நேரத்துக்கும் மேலாகப் பாடிக்கொண்டே போகிறார்கள். அதைப் பாட்டுக்கு இத்தனை மார்க் என்று பிரித்துப் பார்ப்பது, கல்யாண வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சுக்கு மதிப்புரை எழுதுவதைப் போன்றது. அந்தப் பக்கத்தில் நான் மார்க் கட்டத்தைக் காலியாக விட்டேன். இன்றும் காலியாகவே இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை, சொந்தச் செலவில் கற்றது. தென் ஹூஸ்டனில் ஸ்க்ரூ புகழ் பெற்ற காலத்தில், வட ஹூஸ்டனில் மைக்கேல் வாட்ஸ் தொடங்கிய ஸ்விஷாஹவுஸ் குழுவினரும் அதே வெட்டி மெதுவாக்கும் முறையில் தங்கள் பதிப்புகளை வெளியிட்டார்கள். பிறகு பெரிய நிறுவனங்களே ஓர் ஆல்பத்தின் அசல் பதிப்பையும், மெதுவாக்கிய பதிப்பையும் அடுத்தடுத்து விற்கத் தொடங்கின. அட்டைப்படம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மூலையில் சிறிய எழுத்தில் மட்டும் வேறுபாடு. நான் ஓர் ஆல்பத்தின் மெதுவாக்கிய பதிப்பை அசல் என்று எண்ணி வாங்கி, ‘பாடகரின் குரல் அடித்தொண்டையில் ஆழமானது’ என்று எழுதி, அதையும் ஸ்க்ரூவின் கைவேலை என்று நண்பர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஆல்பம் வந்தபோது ஸ்க்ரூ இறந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. அவர் காலமானது 2000 நவம்பரில், 29 வயதில். பதிப்பைச் சரிபார்க்காமல் பேனாவைத் திறப்பதில்லை என்ற விதியை அன்றிலிருந்து வைத்திருக்கிறேன்.

நியூ ஆர்லியன்ஸ் இசையை எனக்குப் புரியவைத்தது ஆல்பமும் அன்று, காரும் அன்று. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலுக்குப் பின் வீடிழந்து ஹூஸ்டனுக்கு வந்தவர்களில் சில குடும்பங்கள் எங்கள் அடுக்ககத்தில் இருந்தன. அந்த ஊர் ராப் பாடகர் ஜூவனைலின் ‘400 டிக்ரீஸ்’ ஆல்பத்தை ஏற்கெனவே கேட்டு, ‘மேனி ஃப்ரெஷ்ஷின் இசையமைப்பு துள்ளலானது, ஆனால் சொன்னதையே சொல்கிறார்கள், மூன்று’ என்று எழுதியிருந்தேன். ஒரு சனிக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் அவர்கள் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள், எங்களையும் கூப்பிட்டார்கள். அந்த ஆல்பத்தின் பெயர்பெற்ற நடனப் பாட்டின் தொடக்கத்தில் வயலின் போன்ற ஒலி எழுந்ததும், தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். ஐம்பது வயது தாண்டிய அம்மா ஒருவர் உட்பட.

அதன்பின் யாரோ பழைய பவுன்ஸ் பாட்டுகளைப் போட்டார்கள். நியூ ஆர்லியன்ஸின் பவுன்ஸ் இசை பெரும்பாலும், ஷோபாய்ஸ் என்ற நியூயார்க் குழு 1986இல் வெளியிட்ட இசைத்தட்டு ஒன்றின் துண்டுகளை மீண்டும் மீண்டும் பயன்படுத்தி வளர்ந்தது; நியூயார்க் மறந்துபோன அந்தத் தாளத்தை இவர்கள் தத்தெடுத்துக்கொண்டார்கள். பாடுகிறவர் ஊரின் வார்டுகளையும் குடியிருப்புகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். தன் வார்டின் பெயர் வரும்போது கேட்பவர் குரல் கொடுக்க வேண்டும். மூன்றாவது வார்டு என்றதும் இரண்டு பேர் கத்தினார்கள். ஒன்பதாவது வார்டு என்றபோது அந்த அம்மா இரண்டு கைகளையும் தூக்கி ஏதோ சொன்னார்; தெளிவாகக் கேட்கவில்லை. அவர் வாழ்ந்த தெருவில் அப்போது வீடுகளே இல்லை என்பதைப் பிற்பாடு அவருடைய மகன் சொல்லித் தெரிந்துகொண்டேன். சொன்னதையே சொல்கிறார்கள் என்று நான் குறை எழுதியது, கூட்டம் பதில் சொல்வதற்காக விடப்பட்ட இடங்களைப் பார்த்துத்தான். இயர்போனில் தனியாக இருப்பவனுக்கு அந்த இடங்கள் வெறும் ஓட்டைகளாகத் தெரிகின்றன. இத்தகைய ஆல்பம் ஒன்றைப் பற்றி எழுதப் போகிறவர், அதை ஒருமுறையாவது அந்த ஊர்க்காரர்கள் நடுவில் கேட்டுவிட்டு எழுத வேண்டும். அவர்கள் எந்த இடத்தில் எழுகிறார்கள், எந்த இடத்தில் பேச்சைத் தொடர்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி மதிப்புரை முடிந்துவிடும்.

அட்லாண்டா ராப் எனக்குச் சிக்கல் இல்லாமல் வந்தது. அதனாலேயே அதைப் பற்றிய என் கருத்தை நான் முழுதாக நம்புவதில்லை. அந்த ஊர் இரட்டையரான அவுட்காஸ்ட்டின் 1998ஆம் ஆண்டு ‘அக்வெமினி’க்கு முதல் கேட்பிலேயே ஐந்து போட்டேன். சொல்லழகு, கற்பனை, வித்தியாசமான இசைக்கருவிகள் என்று நான் முன்பே மதிக்கப் பழகியிருந்தவை எல்லாம் அதில் இருந்தன. அதே ஊரின் குடி மாப் (Goodie Mob) குழுவின் 1995ஆம் ஆண்டு ‘சோல் ஃபுட்’ அப்படிப்பட்டதன்று. அதில் ஒரு தேவாலயத்தின் கனமும், கண்காணிப்பைப் பற்றிய கிலியும், அடுக்களையின் வாசனையும் கலந்திருக்கின்றன, உட்கார்ந்து கேட்கப் பொறுமை வேண்டும். இன்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்றால் ‘சோல் ஃபுட்’டைத்தான் எடுப்பேன்.

1995 ஆகஸ்டில் நியூயார்க்கில் நடந்த ‘சோர்ஸ்’ ராப் பத்திரிகையின் விருது விழாவில், அரங்கத்தின் கூச்சலுக்கு நடுவே, தெற்குக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது என்று அவுட்காஸ்ட்டின் ஆந்த்ரே சொன்னதை எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். சரிதான். ஆனால் அந்த வாக்கியத்தைச் சாக்காக வைத்துத் தெற்கு முழுவதையும் ஒரே ஊராக்கிவிடுகிறார்கள். ஹூஸ்டனுக்கும் அட்லாண்டாவுக்கும் இடையே சுமார் 800 மைல்; சென்னைக்கும் மும்பைக்கும் உள்ள தூரத்துக்குப் பக்கத்தில் வரும். ஹூஸ்டனின் கெட்டோ பாய்ஸ் 1991இலேயே நாடு முழுவதும் அறியப்பட்டவர்கள். எங்கள் குழாய்க்காரரிடம் அவுட்காஸ்ட்டைப் புகழ்ந்தபோது, நல்ல வெளியூர்க்காரர்கள் என்று தலையை ஆட்டினார். விந்தியத்துக்குத் தெற்கே இருப்பவர் அத்தனை பேரும் ‘மதராஸி’ என்று சொல்கிறவரிடம் எரிந்து விழும் நான், ‘தெற்கத்தி ராப்’ என்று ஒரே பத்தியில் ஆறு மாநிலங்களை அடைத்து எழுதியிருந்தேன். மெம்ஃபிஸைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். த்ரீ சிக்ஸ் மாஃபியாவின் 1995ஆம் ஆண்டு ‘மிஸ்டிக் ஸ்டைல்ஸ்’ ஆல்பத்தின் இரைச்சலும் பேய்ப்படச் சாயலும் எனக்குப் பிடித்திருக்கின்றன என்பதற்கு மேல் கருத்துச் சொல்லும் அளவுக்கு அந்த ஊரோடு எனக்குப் பழக்கம் இல்லை.

பிடிக்காதவற்றையும் எழுதியாக வேண்டும். இந்த ஆல்பங்களில் பெண்களைப் பற்றி வரும் சொற்களில் பலவற்றை என்னால் வீட்டில் திருப்பிச் சொல்ல முடியாது. மகள் வண்டியில் ஏறினால் குறுந்தகடு இருக்கைக்கு அடியில் போய்விடும். ஊர், காலம், வழக்கு என்று காரணம் சொல்லி அதை மூடிமறைக்கும் மதிப்புரைகளை நான் நம்புவதில்லை. அந்தச் சொற்களுக்காக மொத்த ஆல்பத்தையும் குப்பையில் போடும் மதிப்புரைகளையும் நம்புவதில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒன்று மற்றதை விழுங்காமல் எழுதிவைக்கிறேன். இந்த இசையோடு சேர்த்துப் பேசப்படும், போதைக்காகக் குடிக்கும் கோடீன் கலந்த இருமல் சிரப் விஷயமும் அப்படியே. டிஜே ஸ்க்ரூவின் சாவிலும், பிம்ப் சியின் சாவிலும் அதற்குப் பங்கு இருந்தது. மெதுவான இசை சிரப்பின் விளைவு மட்டுமே என்று சொல்லிவிடுவது, அந்த வெயிலையும் அந்தச் சாலையையும் அந்தக் கைத்திறனையும் தள்ளுபடி செய்வது. ஆனால் சிரப்பை ஓர் அலங்காரமாக வர்ணிப்பவர்களைப் படிக்கும்போது எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

2007இல் வெளியான யூ.ஜி.கே.யின் ‘அண்டர்கிரவுண்ட் கிங்ஸ்’ ஆல்பம் பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடத்தில் இறங்கியது. இரண்டு தகடுகள், நீளம் அதிகம், பாதியைக் குறைத்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். அந்தக் கருத்தைக் குழாய்க்காரரிடம் சொன்னபோது, இத்தனை வருடம் காத்திருந்தவனுக்கு நீளம் பெரிதில்லை என்றார். அந்த ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி பிம்ப் சி 33 வயதில் இறந்துபோனார். அந்த வாரம் போர்ட் ஆர்தரில் சிக்னலில் நின்ற வண்டிகளிலிருந்தெல்லாம் அவர் குரல் வந்தது. ஒவ்வொரு வண்டியிலும் வெவ்வேறு பாட்டு, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று. குழாய்க்காரர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. வந்த பிறகும் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது நோட்டில் மார்க் போடுவதில்லை. எங்கே கேட்டேன், எதில் கேட்டேன், எந்தப் பதிப்பு, யாரோடு கேட்டேன் என்று நான்கு கட்டம் இருக்கிறது. அவை நிரம்பிய பின்பே கருத்துக்கு இடம். ‘ரைடின் டர்ட்டி’க்குக் கீழே பின்னாளில் மூன்று குறிப்புகள் சேர்ந்திருக்கின்றன, மூன்றும் ஒன்றோடொன்று முழுதாக ஒத்துப்போகவில்லை. ஹூஸ்டன் ராப் பாடகர் ஸீ-ரோவின் 2004ஆம் ஆண்டு ஆல்பம் ஒன்று ஆறு மாதமாக மேசையில் கிடக்கிறது. கேம்ரியை விற்றுவிட்டேன், புது வண்டியில் ஒலி சுத்தமாக, ஆஸ்பத்திரி அறை மாதிரி இருக்கிறது. குழாய்க்காரர் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் அவருடைய பழைய பியூக் இன்னும் ஓடுகிறது. அடுத்த மாதம் அந்தப் பக்கம் போகும்போது அவருடைய வண்டியில் போட்டுக் கேட்டுவிட்டு எழுதலாம் என்று வைத்திருக்கிறேன்.